இரண்டு மோட்டர்

மாலை ஆறு நாற்பதுக்குக் கறண்ட் போனது.
புத்தகத்தில் எழுதினேன்.
தடைப்பட்ட நேரம், மீண்ட நேரம், ஒப்பம்:
அதில் உள்ளது மூன்று கட்டம்தான்.
நடுவில் நடப்பதை எழுத
அச்சடித்தவர்கள் இடம் விடவில்லை.

குருநகர்த் தொடர்மாடியில் என் பொறுப்பில் இரண்டு மோட்டர்.
ஒன்று நல்ல தண்ணீரை
மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றும்.
மற்றது நாலு மாடியும் கழித்ததைக்
குழியிலிருந்து உறிஞ்சி
தெருவுக்கு அப்பால் தள்ளும்.
ஒன்று இருமும், ஒன்று முனகும்.
இரண்டும் நின்றால் கடல் கேட்கும்.

இன்று கடல் கேட்டது.

முதலில் வந்தவள் எமில்டா,
நாலாம் மாடி, முழங்கை வரை சூடைமீன் செதில்.
"அண்ணை, கை கழுவவும் தண்ணியில்லை."
"தாங்கியிலை?"
"பைப் காத்துத்தான் விடுது."
சொல்லிவிட்டுக் கைகளை
உடுப்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்,
பூசையில் கை விரிக்கும் சுவாமியாரைப் போல.

பிறகு றொபின்சன்,
கீழ்வீடு, இலக்கம் மூன்று.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ரோச்சைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினான்.

கக்கூசுப் பீங்கானின் வாயில்
சாக்கைத் திணித்து, மேலே
பாதிச் சீமெந்துக் கல் வைத்திருந்தான்.
கல் அசைந்தது,
மெல்ல, தூங்குபவரின் வயிறு மாதிரி.
அடுத்த அறையில் நுளம்புவலைக்குள்
பதினொரு நாள் பிள்ளை.
அவன் மனைவி கால்களைக் கட்டில்மேல் மடித்து வைத்து
என்னைப் பார்க்காமல் இருந்தாள்,
ஏதோ அது அவள் வீட்டு நாற்றம் என்பதுபோல.

ஜெனரேற்றரில் ஒரு மணித்தியால டீசல்.
அது ஒரு மோட்டரைத்தான் இழுக்கும்.

மேலே ஏற்றினால்
கழுவுவார்கள், ஊற்றுவார்கள், எல்லாம் இறங்கும்,
இறங்கி மூன்றாம் இலக்கத்தில் பொங்கும்.
கீழே உறிஞ்சினால்
எமில்டாவின் கையில் செதில் காயும்.
தண்ணீர் ஒன்றுதான்.
ஏறும்போது ஒரு பெயர், இறங்கும்போது ஒரு பெயர்.

எட்டு இருபதுக்கு, அதற்குமேல் யோசிக்க முடியாமல்,
கீழ் மோட்டரைப் போட்டேன்.

படிக்கட்டு வழியே ஏச்சு வந்தது.
"கீழ்வீட்டானிட்டை எவ்வளவு வாங்கினவர்?"
தெருக்கிணற்று உப்புத்தண்ணீரை
எழுபத்திரண்டு படி குடத்தோடு ஏற்றுபவருக்கு
அப்படிக் கேட்க உரிமை உண்டு.
நான் பேசவில்லை.
எமில்டா ஏதோ சொன்னாள்,
மோட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.
ஆனால் கதவு கதவாக
முழங்கையால் தட்டிக்கொண்டு போனது அவள்தான்.
அதன்பிறகு நெடுநேரம்
ஒரு வீட்டிலும் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றவில்லை.
கழுவாத கோப்பைகள்.
அடக்கிக்கொண்டு படுத்த பிள்ளைகள்.

ஒன்பது இருபதுக்கு டீசல் முடிந்தது.
ஒன்பதரைக்கு
யாரோ ஒரு வாளி ஊற்றினார்கள்.
சுவர்க் குழாய்க்குள் அது இறங்குவதை
இருட்டில் எல்லோரும் கேட்டோம்,
மூன்றாம் மாடி, இரண்டாம், முதலாம்.
யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.
மேல்மாடி மரியசேவியருக்கு இரண்டு நாளாய் வயிற்றோட்டம்.
றொபின்சன்
கல்லின்மேல் ஏறி நின்றான்.

பதினொன்று பதினைந்துக்குக் கறண்ட் வந்தது.
எழுதினேன்.
இரண்டையும் போட்டேன். கடல் மறைந்தது.
கொஞ்ச நேரத்தில், மேலே,
திறந்தபடியே விட்டிருந்த ஏதோ ஒரு பைப்
ஒரு வாளிக்குள் கொட்டத் தொடங்கியது.
வீட்டார் நித்திரை.
வாளி நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிவது
மோட்டர்களுக்கு மேலாலும் எனக்குக் கேட்கும்;
பதினாறு வருசப் பழக்கம்.

ஒப்பம் வைக்காமல் பேனாவை மூடிவிட்டுப்
படி ஏறினேன்.
முப்பத்தாறாவது படியில், மூச்சு வாங்க,
இரண்டாம் மாடியில் நின்றேன்.
லைட் எரிந்தது.
இரு பக்கக் கதவுகளிலும்
முழங்கை உயரத்தில்
ஒட்டிக் காய்ந்திருந்தன செதில்கள்.